பத்திரிகையில் பெண் வீட்டாரின் பூர்வீகம்: நார்வே என்று போடலாமா?

காசிமேடு மாமா:

வணக்கம். கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு வரி எழுத முடியாமல் பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கை மகனுக்குத் தை மாதம் கல்யாணம். திருவொற்றியூரில் மண்டபம் பிடித்தாயிற்று. தங்கை வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஆகவே மண்டபம், சமையல், மேளம், பத்திரிகை எல்லாம் தாய்மாமன் தலையில். பையனுக்கு அமெரிக்காவில் மினியாபொலிஸில் வேலை. பெண் அதே ஊரில் நர்ஸ், வெள்ளைக்காரப் பெண். வீடியோவில் 'பாட்டி, சாப்டீங்களா' என்று கேட்டே என் அம்மாவைக் கவிழ்த்துவிட்டாள். கல்யாணத்தில் யாருக்கும் எந்தத் தகராறும் இல்லை. தகராறு எல்லாம் பூர்வீகத்தில்தான்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வழக்கமாக அச்சடித்துத் தரும் கடைக்காரர் ஒரு தாளைக் கொடுத்தார். இந்தப் பக்கம் பாட்டனார் பெயர், பெற்றோர் பெயர், பூர்வீகம். அந்தப் பக்கமும் அதே. எங்கள் பக்கத்தில் 'பூர்வீகம் பரமக்குடி' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அந்தப் பக்கத்துக்காகப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி. பையன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான்.

'நாங்கள் நார்வேக்காரர்கள்' என்றார்.

'அங்கிருந்து எப்போது வந்தீர்கள்?'

'எண்பத்திரண்டில்.'

சரி, நம்ம ஆட்கள் மாதிரி பிழைப்புக்காக வந்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்து, 'அங்கே எந்த ஊரில் படித்தீர்கள்?' என்று கேட்டுவைத்தேன். பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாமா, அவர் சொன்னது 1882!

கப்பலேறியவர் இவருடைய கொள்ளுத்தாத்தா. இவர் நார்வே மண்ணை மிதித்ததே இல்லை. பாஸ்போர்ட் எடுத்ததே இந்தக் கல்யாணத்துக்காகத்தானாம். இவருடைய அம்மாவுக்கு 88 வயது. அந்தப் பாட்டிக்கு நார்வே மொழியில் சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஒரு ஜெபம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் வாசலில் நார்வே கொடி பறக்கிறது. கூடத்தில் கொள்ளுத்தாத்தா கொண்டுவந்த மரப்பெட்டி, மேலே பூவேலை வரைந்தது, அதன்மேல் யாரும் டம்ளர்கூட வைக்கக் கூடாது. மே 17 அன்று நார்வேயின் அரசியல் சட்ட நாள் என்று ஊரே ஊர்வலம் போகிறது. அமெரிக்காவில்!

மனிதர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகை என்பது நாலு பேர் படிக்கிற காகிதம். 'பூர்வீகம் நார்வே' என்று போட்டால், மண்டபத்தில் ஒவ்வொருவரும் அவரிடம் நார்வேயைப் பற்றிக் கேட்பார்கள். அவரும் விழிப்பார், நானும் விழிப்பேன். 'மினசோட்டா' என்று இப்போது இருக்கிற மாநிலத்தைப் போட்டால் மனிதர் மனம் கோணுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்னொன்று, அவர்கள் வீட்டுப் பெயர். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பாட்டிக்கும் ஒரே பெயர்தான் கடைசியில் வருகிறது: ஹௌகென். பையன் ஹாகன் என்கிறான். இது ஒரு முன்னோர் பெயரா, ஜாதிப் பெயர் மாதிரியா, ஊரா? தமிழில் எப்படி எழுதுவது?

அப்புறம் சமையல். அவர்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வருஷா வருஷம் மீன் விருந்து நடக்குமாம். கருவாட்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துச் சமைப்பதாகச் சொல்லிப் பையன் போட்டோ அனுப்பினான். அது தட்டில் ஆடுகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, 'ரங்கூனில் நாப்பி (பர்மாவின் புளிக்க வைத்த மீன் விழுது) சாப்பிட்டு வளர்ந்தவளுக்கே இது தாங்காதுடா' என்றாள். இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு நம்ம வஞ்சிரம் வறுவல் பிடிக்குமா?

பனிக்காட்டுத் தமிழச்சி:

மாமா, நான் பெரம்பூரில் வளர்ந்தவள். இப்போது மினியாபொலிஸுக்கு அடுத்த செயின்ட் பாலில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் உங்கள் சம்பந்தி மாதிரிதான். வந்த புதிதில் நானும் உங்களைப் போலவே முழித்தேன்.

இங்கே ஒருவர் 'நான் நார்வேக்காரன்' என்றால் அது பாஸ்போர்ட்டைப் பற்றிய பேச்சு இல்லை. என் கொடிவழி அங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சுருக்கிச் சொல்கிறார். இப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் அமெரிக்காவில் 40 லட்சத்துக்கு மேல். நார்வேயின் மொத்த மக்கள்தொகையே 55 லட்சம் சொச்சம்தான். அப்படியானால் எவ்வளவு பேர் கிளம்பியிருப்பார்கள் என்று பாருங்கள். 1825 ஜூலை 4 அன்று ஸ்டாவாங்கரிலிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பலில் 52 பேர் புறப்பட்டார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்து, அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் 53 பேராக இறங்கினார்கள். அதிலிருந்து நூறு வருஷத்தில் எட்டு லட்சம் பேர். உங்கள் சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா போன 1882தான் உச்சம். அந்த ஒரே வருஷத்தில் 28,000 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள்.

காரணம் நமக்குப் புரியாததா என்ன, நிலம்தான். அது மலையும் பாறையுமான நாடு. உழவுக்கு ஆகிற மண் நூற்றில் மூன்று நாலு பங்குதான் தேறும். பண்ணை மூத்த பிள்ளைக்குப் போய்விடும். மற்றவர்கள் அடுத்தவன் பண்ணை ஓரத்தில் குடிசை போட்டு, வாடகைக்குப் பதில் உழைத்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அமெரிக்கா 1862இல் ஒரு சட்டம் போட்டது: ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கே சொந்தம். எவன் போகமாட்டான்? (அந்த 160 ஏக்கரில் அதற்கு முன் குடியிருந்த டக்கோட்டா மக்களை அதே வருஷம் போரில் அடித்து, அடுத்த வருஷம் மினசோட்டாவை விட்டே துரத்தினார்கள். அதை இங்கே ஊர்வலத்தில் யாரும் பேசுவதில்லை.)

பெயருக்கு வருகிறேன். அந்தக் காலத்து நார்வே கிராமத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நம்ம இனிஷியல் கணக்குதான். லார்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே லார்சென், மகள் என்றால் லார்ஸ்தத்தர். உங்கள் பத்திரிகை அடிக்கிற தெருப் பெயரிலேயே இந்த வித்தை இருக்கிறது, ஆண்டர்சன் என்றால் ஆண்டர்ஸின் மகன். ஆங்கிலேயர்களிடமும் அதே வழக்கம் உண்டு. ஐஸ்லாந்தில் இன்றைக்கும் அப்படியேதான். அங்கே தொலைபேசிப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் அதையே முதல் பெயர் வரிசையில்தான் போட்டார்கள். ஆனால் ஒரே கிராமத்தில் ஐந்து ஓலே லார்சென் இருந்தால்? அதனால் பின்னால் குடியிருக்கிற பண்ணையின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பண்ணை மாறினால் பெயரும் மாறும். நிலையான குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1923இல். அமெரிக்காவுக்கு வந்தவர்கள் அதற்கு முன்பே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிலர் அப்பா பெயரைப் பிடித்தார்கள், சிலர் பண்ணைப் பெயரை. அண்ணன் தம்பிக்கே வேறு வேறு பெயர் அமைந்த வீடுகள் உண்டு.

ஹௌகென் பண்ணைப் பெயர். அர்த்தம் என்ன தெரியுமா? மேடு. மாமா, நீங்கள் காசிமேடு, சம்பந்தி வீடு வெறும் மேடு. பொருத்தம் பார்க்க ஜாதகமே வேண்டாம்!

உச்சரிப்பு: நார்வேயில் ஹௌகென், அமெரிக்காவில் ஹாகன். பாட்டி எப்படிச் சொல்கிறாரோ அப்படி எழுதுங்கள்.

மொழி போய்விட்டதே என்று குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று தலைமுறை வரை வீட்டிலும் சர்ச்சிலும் அதைத்தான் பேசினார்கள். டெகோரா என்ற சின்ன ஊரிலிருந்து வந்த நார்வே மொழிப் பத்திரிகை 1972 வரை நடந்தது. முதல் உலகப் போர் சமயத்தில்தான் பெரிய அடி. பக்கத்து அயோவாவில் 1918இல் கவர்னர் உத்தரவு போட்டார், பொது இடத்தில் ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று. தொலைபேசியிலும் சர்ச்சிலும் கூட. ஜெர்மானியர்களைக் குறிவைத்தது, எல்லோர் மேலும் விழுந்தது. அதற்கப்புறம் எந்த அப்பா அம்மா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்?

ஒரு காரியம் செய்யுங்கள். ஹௌகென் என்ற பண்ணை நார்வே முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கும், மேட்டுத்தெரு மாதிரி. அதனால் எந்தத் திருச்சபை வட்டம் என்று தெரிந்தால்தான் பிடிக்க முடியும். கிளம்புகிறவர்கள் அந்த ஊர்ப் பாதிரியாரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார்கள்: பிறந்த நாள், ஞானஸ்நானம், அம்மை குத்திய விவரம் வரைக்கும் இருக்கும். பழைய பைபிளுக்குள்ளோ அந்த மரப்பெட்டிக்குள்ளோ பார்க்கச் சொல்லுங்கள். ஊர் கிடைத்தால் போதும். நார்வே அரசு ஆவணக் காப்பகம் 'டிகிடாலார்கிவெ' என்ற தளத்தில் சர்ச் பதிவேடு, 1865 குடிக்கணக்கு எல்லாவற்றையும் இலவசமாக வைத்திருக்கிறது.

விம்கோ நகர் பெரியவர்:

தம்பி, ஸ்காண்டிநேவியாவை (நார்வே, ஸ்வீடன், டென்மார்க்) தேடி அமெரிக்கா வரை ஏன் போகிறீர்கள்? மண்டபம் பிடித்த ஊரிலேயே இருக்கிறது. மெட்ரோ ரயில் போகிற விம்கோ நகருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? தீப்பெட்டி ஆலையால். விம்கோ என்பது 1923இல் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவில் தொடங்கியது. உரசும் மருந்தைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் வைக்கும் பாதுகாப்புத் தீப்பெட்டியே ஸ்வீடன்காரர் கண்டுபிடிப்புதான். உலகத்துத் தீப்பெட்டி வியாபாரத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர் இவார் க்ரூகர். 1932இல் பாரிஸில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். என் அப்பா இந்த ஆலைக்குத்தான் சைக்கிளில் போனார். எங்கள் வீட்டுப் பரண் முழுக்க லேபிள் தாள்.

தரங்கம்பாடியையும் மறக்காதீர்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டென்மார்க்காரர்கள் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினார்கள். அப்போது டென்மார்க்கும் நார்வேயும் ஒரே ராஜாவின் கீழ். 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளம் கட்டினார்களே எல் அண்டு டி, அதில் எல்லும் டியும் இரண்டு டென்மார்க்காரர்களின் பெயர்: ஹோல்க் லார்சென், தூப்ரோ. சிமெண்ட் இயந்திர வேலையாக இங்கே வந்தவர்கள், 1938இல் பம்பாயில் கம்பெனி தொடங்கினார்கள். லார்சென் 2003இல் மும்பையில்தான் காலமானார். வெளிநாட்டில் குடியேறிய ஸ்காண்டிநேவியர் என்றால் எனக்கு இவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

காசிமேடு மாமா:

ஐயா, சுவையான செய்திதான், ஆனால் சம்பந்தியிடம் ஸ்வீடன் தீப்பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் அடிக்க வருவார் போலிருக்கிறது. 1905 வரை நார்வே ஸ்வீடன் ராஜாவின் கீழ் இருந்ததாம். ஸ்வீடன்காரர்களைக் கிண்டல் செய்து அவர் இதுவரை ஐந்து ஜோக் சொல்லிவிட்டார். பையன் ஒன்றைக்கூட ஒழுங்காக மொழிபெயர்க்கவில்லை.

தமிழச்சி தங்கச்சிக்கு: நீ சொன்னபடியே பெட்டியில் தேடச் சொன்னேன். பைபிளின் பின்னட்டைக்குள் நாலாக மடித்த காகிதம் இருந்தது. எண்பத்தெட்டு வயதுப் பாட்டிக்கே அது அங்கே இருப்பது தெரியாதாம். பையன் போட்டோ அனுப்பினான். கையெழுத்து நம்ம பழைய பத்திரம் மாதிரி கொக்கி கொக்கியாக இருக்கிறது. ஒரு ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது: 'கோல்'. அச்சுக்கடைக்காரரிடம் சொன்னேன். 'கோலா, கோளா, கோழியா சார்?' என்றார்.

கருவாட்டுக் கூடை:

அண்ணே, நானும் காசிமேடுதான். மீன் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாது.

என் பெரியவன் கப்பலில் சமையல்காரன். பெர்கன் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான். அவன் சொன்னது இது. வடக்கே லோஃபோட்டன் என்று தீவுகள். குளிர்காலத்தில் காட் மீன் அங்கே முட்டை போடக் கூட்டம் கூட்டமாக வரும். தலையை வெட்டிவிட்டு, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். உப்பே கிடையாது! பிப்ரவரியிலிருந்து மே வரை காற்றே காய வைக்கும். நம்ம வெயிலில் உப்பு இல்லாமல் அவ்வளவு பெரிய மீனைத் தொங்கவிட்டால் சாயங்காலம் புழு வந்துவிடும். அங்கே ஈ இல்லாத குளிர், அதே சமயம் உறைந்தும் போகாத குளிர். கட்டை மாதிரி காயும், சுத்தியலால் அடிக்க வேண்டும்.

அவ்வளவு கெட்டியான கருவாட்டை மெத்தென்று ஆக்கத்தான் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடாக் காரம்). முதலில் ஒரு வாரம் போலத் தண்ணீர், அப்புறம் காரத்தண்ணீரில் இரண்டு நாள், திரும்பவும் நாள் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். அந்தக் காலத்தில் விறகுச் சாம்பல் காரம். பேர் லூட்டஃபிஸ்க். ஊறி ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும், அதுதான் போட்டோவில் ஆடுகிறது. வெள்ளிக் கரண்டி பட்டால் கறுத்துவிடுமாம். உருக்கின வெண்ணெயை மேலே ஊற்றிச் சாப்பிடுவார்கள். விஷம் எல்லாம் இல்லை, அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நாம் அப்பளத்துக்குக் காரம் போடுவதில்லையா?

வஞ்சிரத்துக்குக் கவலையே வேண்டாம். முள் அதிகம் உள்ள மீன் மட்டும் வைக்காதீர்கள். மிளகாயைப் பாதியாகக் குறைத்து ஒரு தட்டு தனியாக வறுத்துவிடுங்கள்.

இன்னொன்று அண்ணே. நார்வேக்காரன் நமக்கு அந்நியன் கிடையாது. கேரளாவில் கொல்லம் பக்கம் நீண்டகரையில் 1953இல் நார்வே உதவியில் மீன்பிடித் திட்டம் வந்தது. எஞ்சின் வைத்த படகு, இறால் இழுவலை, ஐஸ் தொழிற்சாலை எல்லாம் அங்கே பெரிதாக வளர்ந்தது. என் மாமனார் அந்தப் படகுகளைப் பார்க்கவென்றே ரயிலேறிப் போனவர். நல்லதா கெட்டதா என்று கேட்டால் கட்டுமரக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், விசைப்படகுக்காரர்கள் வேறு சொல்வார்கள். மண்டபத்தில் அந்தப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள், பந்தி நடக்காது.

நாலாவது பெஞ்ச்:

மாமா, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் அம்மா ரங்கூனில் வளர்ந்தவர் என்கிறீர்கள். நீங்கள் காசிமேடு. பத்திரிகையில் 'பூர்வீகம் பரமக்குடி' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டீர்கள். பரமக்குடிக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?

ஒஸ்லோவிலிருந்து:

அண்ணை, வணக்கம். நான் யாழ்ப்பாணம். 1987இல் நோர்வே வந்தனான். முதல் ஆறு வருடம் வடகோடியில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத இடம். காலையில் இருட்டு, மீன் வெட்டி முடித்து வெளியே வந்தாலும் இருட்டு. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அங்கேதான் தொடங்கினோம். இப்ப ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன்.

கோல் எனக்குத் தெரிந்த ஊர். ஒஸ்லோவிலிருந்து பெர்கன் போகிற ரயிலில் ஹல்லிங்டால் பள்ளத்தாக்கில் வரும், மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அமெரிக்காவுக்கு ஏராளம் பேர் போனார்கள். ஊரில் இன்னொரு கதை இருக்கிறது. அங்கே 1200ஆம் ஆண்டளவில் கட்டிய மரத் தேவாலயம் ஒன்று இருந்தது. தூண், கூரை எல்லாம் மரம், கூரை மூலையில் நாகப்பாம்பு மாதிரித் தலை தூக்கின செதுக்கல். 1880களில் சனங்களுக்கு இடம் போதவில்லை என்று புதுக் கோயில் கட்டிவிட்டுப் பழையதை இடிக்கப் பார்த்தார்கள். அரசர் ஆஸ்கரின் உதவியோடு அதைக் கழற்றிக்கொண்டு வந்து ஒஸ்லோவில் பொருத்தினார்கள். இன்றைக்கும் பிக்டோய் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான் பஸ்ஸில் தினமும் சுற்றுலாக்காரரை அங்கே இறக்கிவிடுகிறேன். அதே தேவாலயத்தின் முழு அளவுப் பிரதி ஒன்றை வட டக்கோட்டாவில் மைனாட் என்ற ஊரில் ஸ்காண்டிநேவிய மரபுப் பூங்காவில் கட்டி வைத்திருக்கிறார்கள், உங்கள் சம்பந்தி வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகக்கூடிய தூரம். ஆக, கோல் காரர் தங்கள் பழைய கோயிலைப் பார்க்க ஒஸ்லோவுக்கு வர வேண்டும், அமெரிக்காவுக்குப் போனவர்கள் பக்கத்து மாநிலத்துக்குப் போனால் போதும். (1980களில் கோலிலும் ஒரு பிரதி எழுப்பத் தொடங்கினார்கள். அது நிறைவானது பிறகுதான்.)

இங்கே உள்ள நோர்வேக்காரர்கள் அமெரிக்கச் சொந்தங்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பார்கள் என்பதையும் சொல்ல வேணும். கோடையில் பஸ்ஸில் வருவார்கள், கொடி போட்ட ஸ்வெட்டரோடு. எங்கள் டிப்போவில் ஒருத்தன், 'என் பெரியப்பா கூட இப்படிப் பேசமாட்டார், இவர்கள் என் கொள்ளுப்பாட்டி காலத்துச் சொல்லையெல்லாம் வைத்திருக்கிறார்கள்' என்றான். ஓடைக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லை எடுத்து 'க்ரிக்' என்று நோர்வே மொழியாக்கி இருப்பார்களாம். இதை ஆராய்ந்தவரே ஒரு ஹௌகென்தான், ஐனார் ஹௌகென் என்று அயோவாவில் பிறந்த பேராசிரியர். உங்கள் சம்பந்திக்குச் சொந்தமோ என்று கேட்காதீங்கோ, மேடு எங்கேயும் இருக்கும்.

நான் சிரிப்பதில்லை. என் மகளுக்கு இருபத்தாறு வயது. ஒஸ்லோவில் பிறந்தவள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தமிழ் எழுதுவாள், என்னோடு தமிழில் சண்டை போடுவாள், தங்கச்சியோடு நோர்வே மொழியில் சண்டை போடுவாள். போன வருடம் யாழ்ப்பாணம் கூட்டிப் போனேன். கடைக்காரர் அவளிடம் 'பிள்ளை எந்த ஊர்?' என்று கேட்டார். 'உரும்பிராய்' என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் அந்த ஊரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தவள்.

பெண் வீட்டுப் பெண்கள் 'பூனாத்' கட்டிக்கொண்டு வந்தால் அதிசயப்படாதீங்கோ. பள்ளத்தாக்குக்கு ஒரு தினுசு தையல், கம்பளித் துணி, சென்னை வெயிலுக்குப் பாவம். மார்பில் வெள்ளிப் பதக்கம் குத்தியிருப்பார்கள், சின்னச் சின்ன வெள்ளித் தகடு தொங்கும். பொன் இல்லை, வெள்ளிதான் அவர்களுக்கு மங்கலம். மண்ணுக்கடியில் வாழ்கிற மாயச் சனம் மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகாமல் வெள்ளி காக்கும் என்பது பழைய நம்பிக்கை. உங்கள் அம்மாவுக்குத் திருஷ்டி என்று சொன்னால் விளங்கும்.

காசிமேடு மாமா:

எல்லோருக்கும் நன்றி. நாலாவது பெஞ்ச் தம்பிக்குத் தனியாக. உன் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

பரமக்குடிக்குப் போனது இரண்டு தடவை. 1987இல் குலதெய்வக் கோயிலுக்கு, 2011இல் ஒரு சாவுக்கு. இரண்டாம் தடவை பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு வழி கேட்டுத்தான் போனேன். என் தாத்தா அங்கேயிருந்து கிளம்பிக் கப்பலேறி ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனவர். அப்பா ரங்கூனில் பிறந்தவர், நானும் அங்கேதான் பிறந்தேன். 1964இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தபோது எனக்கு ஒரு வயது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வியாசர்பாடியில் குடிசை போட்டு, அப்பா பர்மா பஜாரில் கடை வைத்து, அப்புறம் அதே துறைமுகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கையை அத்தை மகனுக்குத்தான் கொடுத்தோம், ஆகவே மாப்பிள்ளை வீட்டுக் கதையும் இதுவே. கணக்குப் பார்த்தால் சம்பந்தியின் கொள்ளுத்தாத்தாவுக்கும் என் தாத்தாவுக்கும் முப்பது வருஷம்கூட வித்தியாசம் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

இந்த இழை முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'ரங்கூனில் நம்மைக் கலா (இந்தியர்களை இளக்காரமாகச் சொல்கிற பர்மியச் சொல்) என்றான், இங்கே வந்தால் பர்மாக்காரி என்றான். அந்த மனுஷன் தன்னைத் தானே என்ன சொல்லிக்கொள்கிறானோ அதைப் போடு' என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, 'நம்ம பக்கத்தில் ரங்கூனையும் போடு' என்றாள். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டு எந்தப் பத்திரிகையிலும் ரங்கூன் வந்ததில்லை. அப்பா இருந்தால் சம்மதித்திருப்பாரா என்று தெரியாது. 'அகதி என்று நினைப்பான்' என்பார் எப்போதும்.

நேற்றுக் கடையில் இறுதி புரூஃப் பார்த்தேன். எங்கள் பக்கம் 'பூர்வீகம் பரமக்குடி, ரங்கூன்'. அந்தப் பக்கம் 'பூர்வீகம் ஹௌகென் பண்ணை, கோல், நார்வே', அதற்குக் கீழே இப்போதைய ஊர் மினசோட்டா. பாட்டி ஹௌகென் என்றுதான் சொன்னார், மகன் ஹாகன் என்கிறார், பாட்டி சொன்னதையே வைத்துக்கொண்டோம். கடைக்காரர் 'நார்வே எங்கே இருக்கு சார்?' என்று கேட்டார். தரங்கம்பாடிக் கதையில் தொடங்கினேன். அவர் அவசரமாக முன்பணம் கேட்டுவிட்டார். அறுநூறு பத்திரிகை, வெள்ளிக்கிழமை கிடைக்கும். விம்கோ நகர் ஐயா, உங்களுக்கு நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன், லேபிள் தாளும் பார்க்க வேண்டும்.

சாப்பாடும் முடிவாகிவிட்டது. முகூர்த்தத்துக்குச் சைவம், முந்தின நாள் ராத்திரி வீட்டில் வஞ்சிரம், கூடவே அம்மா மேற்பார்வையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். பாட்டியும் ஏதாவது செய்வேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். லெஃப்ஸா என்று உருளைக்கிழங்கு மாவு ரொட்டி, நம்ம சப்பாத்தி மாதிரியே, ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சாப்பிட வேண்டுமாம். வரி வரியாக வெட்டின உருட்டுக்கட்டையை அவரே பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார். கல் மட்டும் அங்கே பதினாறு அங்குல அகலமாம். எங்கள் வீட்டுத் தோசைக்கல் பன்னிரண்டு அங்குலம். தமிழச்சி தங்கச்சி, அதில் போட்டால் வருமா, இல்லை பரோட்டாக் கடையில் கல் வாடகைக்குக் கேட்கட்டுமா?